கடன் முடியாத கார், கையில் விசா: சென்னையில் யாரிடம் விற்கலாம்?

விமானம் ஏறுவதற்குள் ஆர்.சி.யில் வேறு ஒருவர் பெயர் ஏறிவிட வேண்டும். கடன் பாக்கியுள்ள காரை வாங்கிக்கொள்ளும் எந்தச் சேவையையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் இங்கே எடை போட்டிருக்கிறேன். விலை அதற்கு அடுத்துத்தான். ஐந்தாயிரம், பத்தாயிரம் கூடக் கொடுத்தவரிடம் காரை விட்டுவிட்டு துபாய்க்கோ டொராண்டோவுக்கோ போய், பெயர் மாறாத காரின் அபராதச் செய்தியும் டோல் கழிவும் அங்கே போனில் வரும்போதுதான் அந்தப் பணத்தின் உண்மையான விலை தெரியும்.

இது வெறும் தொல்லையோடு முடிவதும் இல்லை. கார் கைமாறி, ஆர்.சி.யில் பெயர் மாறாமல் இருந்து விபத்து நடந்தால், பதிவில் உள்ள உரிமையாளர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்றதற்கான ஸ்டாம்ப் பேப்பர் கையில் இருந்தாலும் அதே நிலைதான்.

கடன் உள்ள காரில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆர்.சி.யில் வங்கியின் பெயரும் ஹைப்பாதிகேஷன், அதாவது கடனுக்கான அடமானம், என்று ஏறியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. எனவே வேலை மூன்று: கடனை முடிப்பது, ஹைப்பாதிகேஷனை நீக்குவது, பெயரை மாற்றுவது. மூன்றும் இந்த வரிசையில்தான் நடக்கும். மூன்றுக்கும் சேர்த்து 60 நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு

யாரையும் அழைத்து விலை கேட்பதற்கு முன் வங்கியிடம் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட், அதாவது கடனை முன்கூட்டியே முழுதாக அடைக்க எவ்வளவு என்ற கணக்கு, வாங்குங்கள். மொபைல் ஆப்பில் தெரியும் மீதி அசலை நம்பி விலை பேசினால் கணக்கு உதைக்கும்.

ஓர் உதாரணம். 8 லட்சம் கடன், 9.5 சதவீதம், 60 மாதம். இ.எம்.ஐ. சுமார் 16,800 ரூபாய். இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டியாயிற்று, அதாவது 4 லட்சத்துக்கு மேல். ஆனாலும் மீதி அசல் சுமார் 5,24,500 இருக்கும். முதல் ஆண்டுகளில் தவணையில் கணிசமான பங்கு வட்டிக்குப் போவதால் பலருக்கும் இந்த எண் அதிர்ச்சி தரும். இதன் மேல் ஃபோர்குளோஷர் கட்டணம் 4 சதவீதம் என்றால் 20,980. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3,776. கடைசித் தவணைத் தேதியிலிருந்து அடைக்கும் நாள் வரை நாளொன்றுக்கு சுமார் 137 ரூபாய் வட்டி. பதினைந்து நாள் என்றால் ஏறத்தாழ 2,050. மொத்தம் 5,51,000-ஐத் தொட்டுவிடும். கார் 6,10,000-க்குப் போனால் கையில் நிற்பது 59,000 மட்டுமே. 5,30,000-க்குத்தான் போகும் என்றால் 21,000 ரூபாய் நம் கையிலிருந்து போட்டால்தான் வங்கியின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வரும். அந்தப் பணத்தை டிக்கெட், அட்வான்ஸ் வாடகை என்று செலவழிப்பதற்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.

ஃபோர்குளோஷர் கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். கடன் புதிதாக இருந்தால் பெரும்பாலும் கூடுதல். தனிநபர் ஃப்ளோட்டிங் (மாறும்) வட்டிக் கடனுக்கு இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான கார் கடன்கள் நிலையான வட்டியில் இருப்பதால் அந்தச் சலுகை பொருந்தாது. உங்கள் சாங்ஷன் லெட்டரில் (கடன் அனுமதிக் கடிதம்) எது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஃப்ளோட்டிங் என்றால் கட்டணத்தை நீக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம்.

"இவ்வளவு கட்டணம் கட்டுவதற்குப் பதில் அங்கிருந்தே தவணை கட்டிவிடலாமே" என்று தோன்றும். இதே உதாரணத்தில் மீதி 36 தவணையில் வட்டி மட்டும் சுமார் 80,000 ரூபாய். ஃபோர்குளோஷர் செலவு 25,000-க்குக் கீழே. ஓட்டாத காருக்கு இன்ஷூரன்ஸும் மதிப்புச் சரிவும் தனி.

ஆன்லைன் நிறுவனங்கள்

கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பரிசோதித்து விலை சொல்கின்றன. கடன் உள்ள காருக்கு இந்த வழியின் பெரிய பலம், மீதிக் கடனை நிறுவனமே வங்கிக்கு நேராகக் கட்டிவிட்டு மிச்சத்தை உங்களுக்குத் தரும் ஏற்பாடு. ஐந்து லட்சத்தைப் புரட்டி முதலில் கடனை அடைக்க முடியாதவருக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. பெயர் மாற்ற வேலையும் அவர்கள் பொறுப்பில் போகும்.

பலவீனம் விலையில் இருக்கிறது. இணையத்தில் காரின் விவரம் போட்டதும் வரும் தொகை ஒரு தூண்டில்தான்; பரிசோதனைக்குப் பிறகு வருவதே விலை. அது ஓரிரு நாளுக்குத்தான் செல்லும். ஏலமுறையில் டீலர்கள் கேட்கும் விலை என்றால், டீலர் லாபமும் பழுதுச் செலவும் கழிந்த தொகைதான் உங்கள் கைக்கு வரும்.

பரிசோதகர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்திருந்தால் எந்த இடத்தில் விலை குறைகிறது என்பதும் புரியும். பெயின்ட் மீட்டரை ஒவ்வொரு பேனலிலும் வைப்பார். தொழிற்சாலை பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் காட்டும்; 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட், ஆயிரத்தை நெருங்கினால் உள்ளே புட்டி. கதவு, பம்பர் மறுபெயின்ட் சிறிய கழிவு. பானெட்டுக்கு அடியில் உள்ள ஏப்ரனிலோ கதவுத் தூணிலோ வெல்டிங் தெரிந்தால் பெரிய கழிவு. பானெட் போல்ட் தலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அது கழற்றப்பட்டது என்று அர்த்தம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இரண்டாவது சாவி இல்லையென்றால் அதற்கும் ஒரு தொகை போகும்.

சென்னைக் காருக்கு வெள்ளச் சோதனை தனி. 2015 வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் வாங்குபவர்களை உஷாராக்கிவிட்டன. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு, கார்பெட்டுக்கு அடியில் ஈர வாசனை, டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியில் பச்சைப் பூப்பு, சீட் அடி போல்ட்களில் துரு. உங்கள் கார் தண்ணீரில் நிற்காதது என்றால் அந்த மாதங்களின் சர்வீஸ் பில்லையும் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் நீங்களே எடுத்து நீட்டுங்கள். சந்தேகத்துக்காகக் குறைக்கும் தொகையை அது தடுக்கும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் படியுங்கள்: என்.ஓ.சி. கொடுக்கும் வரை பிடித்து வைக்கும் தொகை எவ்வளவு, என்.ஓ.சி. எத்தனை நாளுக்குள் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்குக் கழிவு உண்டா. வெளிநாடு போகிறவரை மாட்டிவிடுவது இந்த மூன்றாவது வரிதான். வங்கி என்.ஓ.சி.யைத் தாமதிக்கும், கழிவு உங்கள் கணக்கில் ஏறும்.

என் தீர்ப்பு: கையில் 30 முதல் 45 நாள்தான் இருக்கிறது, கடனை அடைக்கத் தனிப் பணம் இல்லை என்றால் இதுவே நல்ல வழி. ஆனால் ஒரே நிறுவனத்தோடு நிறுத்தாமல், ஒரே வாரத்துக்குள் இரண்டு மூன்று பரிசோதனைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி ஷோரூம்கள்

மாருதி சுசுகி ட்ரூ வேல்யூ, ஹூண்டாய் எச் ப்ராமிஸ், டொயோட்டா யூ டிரஸ்ட் ஆகியவை அந்தந்த கார் கம்பெனியின் பழைய கார் பிரிவுகள். ஆவண வேலை ஒழுங்காக நடக்கும், பேச ஒரு ஆள், போக ஒரு இடம் இருக்கும். ஆனால் இவர்களின் நாட்டம் எக்ஸ்சேஞ்சில். விளம்பரத்தில் காட்டும் நல்ல விலையில் புது கார் வாங்குபவருக்கான எக்ஸ்சேஞ்ச் போனஸ் சேர்ந்திருக்கும். நாட்டை விட்டுப் போகிறவர் புது கார் வாங்கப் போவதில்லை. "போனஸ் இல்லாமல், நேரடி விற்பனைக்கு எவ்வளவு?" என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். சொந்தக் கம்பெனி கார், சர்வீஸ் முழுதும் அதே டீலரிடம் செய்தது என்றால் விலை நன்றாக வரும். வேறு கம்பெனி கார் என்றால் அவ்வளவு ஆர்வம் காட்ட மாட்டார்கள்.

புரோக்கர்

ஒரே நாளில் பணம், கார் எடுத்துக்கொள்வோம், பெயர் மாற்றம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பது வழக்கமான பேச்சு. நடைமுறையில் பல புரோக்கர்கள் தங்கள் பெயருக்கு மாற்றுவதில்லை. அடுத்த வாடிக்கையாளர் கிடைக்கும் வரை நீங்கள் கையெழுத்திட்ட வெற்று ஃபார்ம் 29, 30-ஐ (பெயர் மாற்றப் படிவங்கள்) வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அது மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதுவரை கார் உங்கள் பெயரில் ஊர் சுற்றும்.

இதற்காகவே மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் காரை ஒப்படைக்கும்போது அதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29சி-யை மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாகனில் பதிய வேண்டும். பதிந்து ஒப்புகை எண் வந்ததிலிருந்து அந்த டீலர்தான் உரிமையாளராகக் கருதப்படுவார். நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. எந்தக் கடையாக இருந்தாலும் "உங்களிடம் ஃபார்ம் 29பி அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" என்று கேளுங்கள். தடுமாறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ரொக்கம் தருகிறேன் என்றாலும் வேண்டாம். ஒரே விற்பனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் உண்டு. பணம் வங்கி வழியே வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சொந்த உபயோகக் காரை விற்பதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை, மூலதன ஆதாய வரியும் இல்லை.

நேரடியாக ஒருவருக்கு

நல்ல விலை கிடைப்பது இதில்தான். நேரமும் இதில்தான் அதிகம் போகும். வாங்குபவரின் பயம் நியாயமானது: கார் வங்கியிடம் அடமானத்தில் இருக்கும்போது ஐந்து லட்சத்தை எப்படிக் கொடுப்பது? அந்தப் பயத்தைத் தீர்க்கும் முறை ஒன்று இருக்கிறது. கடன் உள்ள வங்கிக் கிளையில் இருவரும் சந்தியுங்கள். ஃபோர்குளோஷர் தொகையை வாங்குபவர் உங்கள் கணக்குக்கு அனுப்பாமல், கடன் கணக்கு எண்ணுக்கே ஆர்.டி.ஜி.எஸ். அல்லது டி.டி.யாகச் செலுத்தட்டும். யூ.டி.ஆர். எண்ணையும் (பணம் அனுப்பியதற்கான அடையாள எண்) ரசீதையும் இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தொகையில் ஒரு பகுதி அன்றே, மீதி என்.ஓ.சி. கைக்கு வந்து கார் ஒப்படைக்கும் நாளில். ஒப்பந்தத்தில் கடன் கணக்கு எண், சேசிஸ் எண், தொகை, தேதி, என்.ஓ.சி. வராவிட்டால் பணம் திரும்பும் கெடு எல்லாம் இருக்கட்டும்.

"நீ காரை ஓட்டு, தவணையையும் நீயே கட்டு" என்று மச்சானிடமோ நண்பனிடமோ விட்டுப் போகும் ஏற்பாடு ஊரில் நிறைய உண்டு. வங்கியைப் பொறுத்தவரை கடன்காரர் நீங்கள்தான். அவர் இரண்டு மாதம் தவறவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடுவது உங்களுக்கு. கடன் ஒப்பந்தத்தையும் அது மீறுகிறது. நம்பிக்கையான உறவே என்றாலும், அவர் பெயரில் பழைய கார் கடன் வாங்கச் சொல்லி, அதைக் கொண்டு உங்கள் கடனை அடைத்துப் பெயர் மாற்றுவதுதான் உறவுக்கும் நல்லது.

வாங்குபவர் கேரளாவிலோ கர்நாடகாவிலோ இருந்தால் ஃபார்ம் 28 மூலம் ஆர்.டி.ஓ. என்.ஓ.சி.யும் தேவை, அவர் அங்கே வரியும் கட்ட வேண்டியிருக்கும். நேரம் குறைவாக இருப்பவர் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்பது மேல்.

வங்கியில் சிக்கும் இடங்கள்

தவணை பிடித்த ஓரிரு நாளுக்குப் பின் கடனை அடையுங்கள். தவணைத் தேதிக்கு முந்தைய நாளில் அடைத்தால், ஏற்கெனவே அனுப்பப்பட்ட நாச் உத்தரவு (கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) அந்தத் தவணையையும் பிடித்துவிடும். பணம் திரும்பி வரும், ஆனால் அலைய வேண்டும்.

கடனை அடைத்தும் என்.ஓ.சி. வராமல் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள்: எப்போதோ ஒரு தவணை பவுன்ஸ் ஆன கட்டணம் பாக்கி இருப்பது, அதே வங்கியில் கிரெடிட் கார்டிலோ பர்சனல் லோனிலோ நிலுவை இருப்பது, கடன் காலத்தில் ஆர்.சி. நகலை வங்கிக்குக் கொடுக்காமல் விட்டது. இவற்றை ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் கேட்கும் அன்றே மின்னஞ்சலில் கேட்டு, "வேறு நிலுவை இல்லை" என்று பதில் வாங்கிவிடுங்கள். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து பதிவில் உள்ள உரிமையையும் நீக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி 2023 டிசம்பர் 1 முதல் இருக்கிறது. புகார்க் கடிதத்தில் இந்த விதியைக் குறிப்பிட்டால் பதில் வேகமாக வரும்.

கைக்கு வர வேண்டியவை: கடன் முடிந்த கடிதம், என்.ஓ.சி., வங்கி முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஃபார்ம் 35 (ஹைப்பாதிகேஷன் நீக்கப் படிவம்) இரண்டு நகல். சில வங்கிகள் என்.ஓ.சி.யை நேராக வாகனப் பதிவுக்கான ‘வாகன்’ தளத்துக்கே மின்னணு முறையில் அனுப்புகின்றன. காகிதம் என்றால் கவுன்டரை விட்டு நகரும் முன் சேசிஸ் எண், எஞ்சின் எண், பெயர் மூன்றையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் திருப்பி அனுப்பும். என்.ஓ.சி.க்குப் பொதுவாக 90 நாள்தான் ஆயுள்.

ஆர்.டி.ஓ., ஓ.டி.பி., இனிஷியல்

ஹைப்பாதிகேஷன் நீக்கத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தளம் முன்பைவிட நன்றாகவே இயங்குகிறது, ஆனால் எல்லாமே ஆர்.சி.யோடு இணைந்த மொபைல் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யில் நிற்கிறது. கார் வாங்கியபோது ஷோரூம் பையன் தன் எண்ணைப் போட்டிருப்பான், அல்லது நீங்கள் விட்டுவிட்ட பழைய எண் இருக்கும். இன்றே பார்த்து மாற்றிவிடுங்கள். அந்த சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள்.

நம் ஊரில் இன்னொரு தலைவலி இனிஷியல். ஆர்.சி.யில் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பெயர் பொருந்தாவிட்டால் ஆதார் வழிச் சேவை நடக்காது, நேரில் போக வேண்டும். விசா வரும் முன்பே சரிபார்க்கக்கூடிய விஷயம் இது. தமிழ்நாட்டில் ஆர்.சி. இப்போது ஸ்பீட் போஸ்டில் வருவதால், பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தால் அதையும் கவனியுங்கள்.

நிலுவையில் உள்ள இ-சலான்களைக் கட்டுங்கள். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். விற்பவர் ஃபார்ம் 29-ஐ மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். முடியாமல் கிளம்ப நேர்ந்தால் இங்கேயே, உங்கள் முன்னிலையில், அப்பாவுக்கோ மனைவிக்கோ காரின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் குறிப்பிட்டு பவர் ஆஃப் அட்டர்னி எழுதிவிட்டுப் போங்கள். அங்கே போய் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் ஸ்டாம்ப் கட்டணம் கட்ட வேண்டிய இழுவை.

ஒப்படைக்கும் நாளில்

டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். ஓடோமீட்டர் அளவும் வாங்குபவரின் ஆதார் நகலும் இருக்கட்டும். அன்று மாலை கேமராவில் பதிவாகும் அபராதம் யாருடையது என்பதை அந்த மணிதான் தீர்க்கும். ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து பிய்ப்பதோடு நிற்காமல், கொடுத்த வங்கியில் கணக்கையே மூடுங்கள். மூடாவிட்டால் டோல் உங்கள் பணத்தில் போகும், புது உரிமையாளருக்கும் புது டேக் கிடைக்காது. ப்ளூடூத்தில் உள்ள தொடர்புகளை அழியுங்கள். காரோடு இணைந்த ஆப் இருந்தால் அதிலிருந்தும் காரை நீக்குங்கள்.

விற்காமல் வைத்துப் போவது

ஒரு வருடத்துக்குள் நிச்சயம் திரும்புவீர்கள், அல்லது வீட்டில் ஒருவர் வாரம் இரண்டு முறையாவது ஓட்டுவார் என்றால் மட்டும். தவணை போகும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடு வாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி. மாற்றும்போது சில வங்கிகளில் கணக்கு எண் மாறும், பழைய நாச் உத்தரவு செத்துப்போகும், அடுத்த தவணை பவுன்ஸ் ஆகும். மாற்றிய அன்றே புது உத்தரவு பதியுங்கள். மூன்று தவணைக்கான பணம் எப்போதும் கணக்கில் இருக்கட்டும். நிற்கும் காருக்கும் முழு இன்ஷூரன்ஸ் தேவை, கடன் ஒப்பந்தமே அதைக் கேட்கும். சென்னையில் நிற்கும் காருக்கு முதல் எதிரி எலி. வயரிங் கடிபட்டால் செலவு ஆயிரங்களில் நிற்காது.

காரைக் கப்பலில் ஏற்றுவதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். கடன் உள்ள காரை வங்கி வெளியே விடாது. விட்டாலும், வலதுபக்க ஸ்டியரிங் காரை துபாயில் பதிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் அங்குள்ள தரத்துக்கு ஏற்பச் செய்யப்படாத கார் 25 வருடப் பழசாக இருந்தால்தான் சிக்கலின்றி உள்ளே வரும்.

விற்றவர்கள் மறந்துபோகும் ஒன்று நோ கிளெய்ம் போனஸ். அது காரோடு போவதில்லை, உங்களோடு வரும். பெயர் மாறிய சான்றைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்தத் தள்ளுபடி, 50 சதவீதம் வரை, செல்லும்.